மைதானத்தின் திறப்பு யார் கையில்? அலிஸ் மில்லியாவின் நிர்வாக வாழ்வு

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்கள், கட்டடங்களின் வரலாறு, பரீட்சைப் பெறுபேறுகள், மேடையேறிய நாடகங்கள் எல்லாம் அதில் இருக்கும். விளையாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். கிண்ணத்தை நடுவில் வைத்து வலைப்பந்தாட்ட அணி நிற்கும். அணித்தலைவியின் பெயரும் பயிற்றுநரின் பெயரும் கீழே இருக்கும். ஆனால் போட்டிக்கு நேரத்தோடு பெயர் பதிந்தவர், பஸ் பிடித்தவர், மைதானம் கேட்டுக் கடிதம் எழுதியவர், பிள்ளையை அனுப்ப மறுத்த தகப்பனிடம் வீடு தேடிப் போய்ப் பேசியவர் எவரும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. விளையாட்டு நிர்வாகம் என்பது அத்தகைய வேலை. அது ஒழுங்காக நடந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது.

அந்த வேலையை உலக அளவில் செய்த ஒரு பெண்ணின் கதையை இம்மலருக்கு எழுத விரும்பினேன். அவர் பெயர் அலிஸ் மில்லியா, பிரான்ஸ் நாட்டவர். எமது சங்கம் தோன்றிய காலத்தையொட்டித்தான் அவருடைய பெரும்பணிகள் நடந்தன. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நாம் 800 மீற்றர் ஓடியதும், எமக்குப் பின் வந்த பிள்ளைகள் உதைபந்து உதைப்பதும் இயல்பான விடயங்களாக எமக்குத் தோன்றுகின்றன. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒரு கூட்டத்தில், யாரோ ஒருவர் முன்மொழிந்து, பலர் எதிர்த்து, பின் நிறைவேறியவை. சில நிறைவேறாமலும் போயின. இரண்டையும் மில்லியாவின் வாழ்க்கையில் காணலாம்.

படகோட்டியிலிருந்து கழகத் தலைவிக்கு

அலிஸ் 1884ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி பிரான்சின் நாந்த் நகரிற் பிறந்தார். இளம் வயதில் இங்கிலாந்துக்குச் சென்றார். 1904இல் இலண்டனில் ஜோசப் மில்லியாவைத் திருமணம் செய்தார். நான்கு ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பிரான்சுக்குத் திரும்பிய அவர் ஆங்கில அறிவைக்கொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்து தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் இருந்த காலத்தில் பெண்கள் கழகங்களாகச் சேர்ந்து விளையாடுவதை அவர் கண்டிருந்தார். நீச்சல், ஹொக்கி, படகோட்டம் என்று பல விளையாட்டுகளில் தாமும் ஈடுபட்டார். அவருக்கு மிகவும் பிடித்தது படகோட்டம். பாரிஸின் செய்ன் ஆற்றில் நீண்டதூரம் துடுப்பு வலித்துச் சான்றிதழ் பெற்றவர் அவர். ஒரு விளையாட்டோடு நிற்காத இந்தப் பழக்கம் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது. ஓட்டமோ பந்தோ படகோ, எதுவாயினும் பெண்களுக்கு வேண்டியவை ஒன்றே என்பதை அவர் கண்டுகொண்டார். இடம் வேண்டும், நேரம் வேண்டும், விதிகள் வேண்டும், பதிவேடு வேண்டும்.

1910களின் தொடக்கத்தில் பாரிஸில் 'ஃபெமினா ஸ்போர்ட்' என்ற பெண்கள் விளையாட்டுக் கழகம் உருவானது. 1915இல் மில்லியா அதன் தலைவியானார். முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனையில் இருந்தார்கள். பெண்கள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். 1917 செப்ரெம்பரில் இந்தக் கழகத்தின் பெண்கள் இரு அணிகளாகப் பிரிந்து உதைபந்தாட்டம் ஆடினார்கள். பிரான்சில் பெண்கள் உதைபந்தாட்டத்தின் தொடக்கமாக அந்த ஆட்டத்தையே குறிப்பிடுவார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் சில கழகங்கள் இணைந்து பிரெஞ்சுப் பெண்கள் விளையாட்டுச் சம்மேளனத்தை அமைத்தன. மில்லியா முதலில் அதன் பொருளாளரானார், பின்னர் செயலாளரானார், 1919 மார்ச்சில் தலைவரானார். சங்கங்களில் வேலை செய்த எவருக்கும் இந்த ஒழுங்கு நன்றாக விளங்கும். கணக்கைப் பார்த்தவர், கடிதம் எழுதியவர், அதன் பிறகே தலைவர். சங்கத்தின் பலம் எங்கே, ஓட்டை எங்கே என்பது அவருக்கு அப்பொழுதே அத்துப்படி.

உதைபந்தாட்டத்தை ஒழுங்குபடுத்தியவர்

சம்மேளனம் 1918-19 பருவத்திலேயே பெண்களுக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியைத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் வேடிக்கையாக ஆடுவது வேறு, ஆண்டுதோறும் அட்டவணை போட்டு ஆடுவது வேறு. அட்டவணை இருந்தால் பயிற்சி இருக்கும், பயிற்சி இருந்தால் அடுத்த ஆண்டு புதிய பிள்ளை வருவாள். மில்லியாவின் முதற் சாதனை இந்த அட்டவணைதான் என்பேன்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் 'டிக் கெர்' என்ற தொழிற்சாலையின் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்றிருந்தார்கள். போருக்கு வேண்டிய வெடிபொருட்களைச் செய்தவர்கள் அவர்கள். 1917 நத்தார் தினத்தில் உள்ளூர் வைத்தியசாலை ஒன்றுக்குப் பணம் சேர்க்க அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் பத்தாயிரம் பேர் வந்தார்கள். தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்த அல்பிரட் ஃபிராங்லண்ட் என்பவர் அந்த அணியை நிர்வகித்தார்.

1920 ஏப்ரலில் மில்லியா தம் வீராங்கனைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குச் சென்றார். ஏப்ரல் 30இல் பிரெஸ்டனில் முதல் ஆட்டத்தைப் பார்க்க 25,000 பேர் திரண்டார்கள். டிக் கெர் அணி 2-0 என வென்றது. ஸ்ரொக்போட்டில் 5-2 என மீண்டும் வென்றது. மான்செஸ்ரரில் 1-1. இலண்டனில் ஆடிய நான்காவது ஆட்டத்தில் பிரெஞ்சுப் பெண்கள் 2-1 என வென்றார்கள். வசூலான பணம் போரிலிருந்து ஊனமுற்றுத் திரும்பிய படைவீரர்களுக்குப் போனது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் டிக் கெர் அணி பிரான்சுக்கு வந்தது. பாரிஸ் ஆட்டத்துக்கு 22,000 பேர் வந்தார்கள்.

அந்த ஆண்டு டிசெம்பர் 26இல் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் அணியும் சென். ஹெலன்ஸ் அணியும் மோதியபோது பார்வையாளர் தொகை 53,000. அதற்குப் பின் இங்கிலாந்தில் ஒரு பெண்கள் கழக ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் சேரப் பல தசாப்தங்கள் சென்றன.

ஐந்து வார இடைவெளி

பிரான்சில் உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருக்க, மில்லியா இன்னொரு கதவையும் தட்டிக்கொண்டிருந்தார். பெண்களின் மெய்வல்லுநர் போட்டிகளை ஒலிம்பிக்கில் சேர்க்கும்படி 1919இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ரெனிஸ், நீச்சல் போன்ற சிலவற்றில் பெண்கள் ஏற்கெனவே பங்குபற்றியிருந்தார்கள்; ஆனால் ஓடுவதும் பாய்வதும் எறிவதும் ஆண்களுக்கே என்றிருந்தது. நவீன ஒலிம்பிக்கின் தந்தை எனப்படும் கூபெர்த்தான், பெண்களுக்கான ஒலிம்பிக் நடைமுறைக்கு ஒவ்வாதது, அழகற்றது என்று 1912இலேயே எழுதிவிட்டார்.

மறுப்பைப் பெற்ற மில்லியா மனுக்களை எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. 1921 ஒக்டோபர் 31இல் பாரிஸில் சர்வதேசப் பெண்கள் விளையாட்டுச் சம்மேளனத்தை நிறுவினார். தமக்குத் தாமே விதிகளை எழுதி, உலக சாதனைகளைத் தாமே பதிந்து, தமக்கென ஒரு ஒலிம்பிக்கையும் நடத்துவது என்று முடிவாயிற்று.

சரியாக ஐந்து வாரம் கழித்து, 1921 டிசெம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் கூடியது. உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது, அதை ஊக்குவிக்கலாகாது என்று தீர்மானித்தது. பெண்கள் அணிகளுக்கு மைதானம் கொடுக்கவேண்டாம் என்று தன் உறுப்புக் கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தருமத்துக்கெனச் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி செலவுக்குப் போகிறது என்ற குற்றச்சாட்டும் சேர்க்கப்பட்டது.

அந்தத் தீர்மானம் எந்தப் பெண்ணையும் பந்தைத் தொடவேண்டாம் என்று சொல்லவில்லை. மைதானத்தின் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓராண்டுக்கு முன் 53,000 பேரை வரவழைத்தவர்கள் பூங்காக்களிலும் வெறுங்காணிகளிலும் ஆடவேண்டி வந்தது. தடை வந்த சில நாட்களில் இங்கிலாந்துப் பெண்களும் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். அது நீடிக்கவில்லை. 1922இல் கடல் கடந்து சென்ற டிக் கெர் அணிக்குக் கனடாவிலும் தடை காத்திருந்தது. அமெரிக்காவில் ஆண்கள் அணிகளுடன் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். இங்கிலாந்தில் அந்தத் தடை முற்றாக நீங்க 1971 வரை காத்திருக்க நேர்ந்தது.

திறமை இருந்தது, கூட்டம் இருந்தது, பணமும் வந்தது. ஆனால் மைதானமும் விதிப்புத்தகமும் பிறர் கையில் இருந்தன. மில்லியாவின் வாழ்வை எம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய காரணம் இதுதான். விளையாடத் தெரிந்தால் மட்டும் போதாது. விளையாட்டு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியர்கள் சொன்னது

இவ்விடத்தில் என் சொந்தத் துறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்களைத் தடுக்க அன்று மிக வசதியாகக் கிடைத்த சாட்சி வைத்தியரின் சாட்சிதான்.

1873இல் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் என்ற வைத்தியர், பெண்பிள்ளைகள் ஆண்களைப்போல் ஊன்றிப் படித்தால் அவர்களுடைய இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சி குன்றும் என்று ஒரு நூலே எழுதினார். உடலில் உள்ள சக்தி ஓர் அளவுக்குட்பட்டது, அதை மூளைக்குச் செலவிட்டால் கருப்பைக்கு மிஞ்சாது என்பது அவர் வாதம். இங்கிலாந்தின் முன்னோடிப் பெண் வைத்தியரான எலிசபெத் கரட் அண்டர்சன் அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பு எழுதினார். வகுப்பறையில் தோற்ற அந்த வாதம் பின்னர் மைதானத்துக்கு வந்தது. படித்தால் கெடும் என்றவர்கள், ஓடினால் கெடும், உதைத்தால் கெடும் என்றார்கள். கருப்பை இடம் பெயர்ந்துவிடும் என்றும் சொன்னார்கள். இடுப்பென்பு வளையத்துக்குள் பாதுகாப்பாக இருக்கும் உறுப்பு அது. வயல் நாற்று நட்டு, தண்ணீர்க்குடம் சுமந்த எம் பாட்டிமாருக்கு இல்லாத ஆபத்து பந்தால் மட்டும் வருமென்று எண்ண எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

1921இன் தடைக்கு ஆதரவாகப் பேசியவர்களில் ஒருவர் இலண்டன் ஹார்லி வீதியின் புகழ்பெற்ற மகளிர்நோய் நிபுணர் டொக்டர் மேரி ஷார்லீப். உதைபந்தாட்டம் பெண்ணின் உடலமைப்புக்குத் தாங்காது என்பது அவர் கருத்து. இந்தப் பெயர் தமிழர்களாகிய எமக்கு அந்நியமானதன்று. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் ஒருவர் அவர். வழக்கறிஞரான கணவரோடு சென்னைக்கு வந்தவர், ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் மடியும் பெண்களைக் கண்டு வைத்தியம் படித்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி வைத்தியசாலையாக விளங்கும் 'கோஷா ஆஸ்பத்திரி' உருவாகக் காரணமானவர். இலண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்ற முதற்பெண்.

இத்தகைய ஒருவர்தான் மற்றக் கதவை மூட உதவினார். அவரைத் தூற்றுவது என் நோக்கமன்று. அவர் காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ. ஆனால் ஒரு கதவைத் திறந்த பெண் எல்லாக் கதவுகளையும் திறப்பாள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. பெண் என்பதாலோ வைத்தியர் என்பதாலோ ஒருவருடைய கருத்து அளந்தறிந்த உண்மையாகிவிடாது. வெள்ளை மேலங்கி அணிந்து 'கூடாது' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், நான் ஆதாரத்தைக்கொண்டு சொல்கிறேனா, ஊர்ப்பழக்கத்தைக்கொண்டு சொல்கிறேனா என்று என்னைப் போன்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று எமக்குத் தெரிந்தவை வேறு. உதைபந்தாடும் பெண்பிள்ளைகளுக்கு முழங்காலின் முன்சிலுவை இணையம் கிழியும் ஆபத்து ஆண்பிள்ளைகளைவிடக் கூடுதல். மாதவிடாயோடு இரும்புச்சத்துக் குறைந்து களைப்பு வரலாம். போதிய உணவின்றிக் கடும்பயிற்சி செய்தால் மாதவிடாய் நின்று என்புகள் பலவீனப்படலாம். இவை உண்மையான பிரச்சினைகள். இவற்றுக்கு வைத்தியம் தரும் பதில் தடையன்று. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் முறையான உடற்தயார்ப் பயிற்சி செய்தால் காயங்கள் குறைகின்றன என்பது ஆய்வுகளில் நிரூபணமாகியுள்ளது. அதற்கெனவே ஃபிஃபா ஒரு பயிற்சித் தொகுதியை வைத்திருக்கிறது. நல்ல காலணி, நல்ல சாப்பாடு, தேவைப்பட்டால் ஓர் இரத்தப் பரிசோதனை. நூறு ஆண்டுகளுக்கு முன்பும் வைத்தியர்கள் செய்திருக்கவேண்டிய வேலை இதுதான்.

பெயரைக் கொடுத்து இடத்தைப் பெற்றவர்

1922 ஓகஸ்ட் 20இல் பாரிஸின் பெர்ஷிங் மைதானத்தில் மில்லியா முதலாவது பெண்கள் ஒலிம்பிக்கை நடத்தினார். பிரித்தானியா, பிரான்ஸ், அமெரிக்கா, செக்கோஸ்லோவாக்கியா, சுவிற்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் பங்குபற்றின. பதினொரு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் முடிந்தன. பார்வையாளர் 20,000 பேர். அன்று பெண்கள் 1000 மீற்றரும் ஓடினார்கள். பிரான்சின் லூசி பிரேயார் முதலிடம் பெற்றார். எவருக்கும் எதுவும் நேரவில்லை.

'ஒலிம்பிக்' என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியது ஒலிம்பிக் குழுவுக்குப் பொறுக்கவில்லை. இழுபறி நான்கு ஆண்டுகள் நீடித்தது. 1926இல் ஓர் உடன்பாடு வந்தது. மில்லியா அந்தச் சொல்லைக் கைவிட்டார். அவருடைய விழா 'பெண்கள் உலக விளையாட்டு விழா' ஆயிற்று. அதற்கு ஈடாக 1928 அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள் சேர்க்கப்பட்டன. அவர் முழு நிகழ்ச்சி நிரலையும் கேட்டார். கிடைத்தவை ஐந்து மட்டுமே: 100 மீற்றர், 800 மீற்றர், 4x100 மீற்றர் அஞ்சல், உயரம் பாய்தல், தட்டெறிதல்.

ஐந்தை ஏற்பதா, எறிந்துவிடுவதா? பிரித்தானியப் பெண்கள் எறிந்தார்கள். இந்தப் பிச்சை வேண்டாம் என்று அம்ஸ்ரர்டாமைப் புறக்கணித்தார்கள். மில்லியா ஏற்றார், அங்கே நடுவராகவும் பணியாற்றினார். யார் செய்தது சரி என்று இன்றும் விவாதிக்கலாம். மானத்தின் பக்கம் பார்த்தால் பிரித்தானியப் பெண்கள் செய்தது சரி. ஆனால் ஒருமுறை நிகழ்ச்சி நிரலில் ஏறிய பெயரை அழிப்பது அவ்வளவு இலகுவன்று என்பதை மில்லியா அறிந்திருந்தார். அதன்பின் ஒலிம்பிக்கில் பெண்கள் மெய்வல்லுநர் பிரிவு ஒருபோதும் முற்றாக நீக்கப்படவில்லை.

ஆனால் வெட்டப்பட்டது. அம்ஸ்ரர்டாமின் 800 மீற்றர் இறுதிப்போட்டியில் ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் முதலாவதாக வந்தார். ஜப்பானின் கினூயே ஹித்தோமி இரண்டாவது. முதல் மூவருமே அதுவரை இருந்த உலக சாதனையை முறியடித்தார்கள். ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். மறுநாள் பத்திரிகைகளோ, பெண்கள் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. முழு வேகத்தில் 800 மீற்றர் ஓடிய எவரும் எல்லைக்கோட்டுக்கு அப்பால் புல்லில் சாய்வது வழமை, ஆண்களும் சாய்வார்கள். ஆயினும் 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இல்லை என்றாயிற்று. 800 மீற்றர் திரும்பி வந்தது 1960இல் உரோமாபுரியில். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். 200 மீற்றரே பெண்களுக்கு 1948இல்தான் வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் எங்கள் சுசந்திகா ஜயசிங்க பதக்கம் பெற்ற தூரம் அது.

தோல்வியும் சேர்ந்த கணக்கு

மில்லியாவின் வாழ்வை வெற்றிக் கதையாக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். உலக விழாக்கள் 1926இல் சுவீடனிலும் 1930இல் பிராக் நகரிலும் 1934இல் இலண்டனிலும் நடந்தன. ஆனால் பணம் வற்றிக்கொண்டே வந்தது. உதைபந்தாட்டம் அதற்கு முன்னரே தளர்ந்துவிட்டது. அவர் தலைமை தாங்கிய பிரெஞ்சுச் சம்மேளனத்தின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 1930களின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று. ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் பேரம் பேச அவர் கையில் ஒரு பெயராவது இருந்தது. உதைபந்தாட்டத்துக்கு அப்படிக் கொடுத்து வாங்க ஒன்றும் இருக்கவில்லை. 1941இல் விஷி அரசு பிரான்சில் பெண்கள் உதைபந்தாட்டத்தை அடியோடு தடைசெய்தது. பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனம் அதை மறுபடி ஏற்றுக்கொண்டது 1970இல்.

1934இல் ஓர் அமெரிக்க இதழுக்கு அளித்த செவ்வியில் மில்லியா தம் குறையை மறைக்காமற் சொன்னார். பெண்களுக்கு விளையாட இடமில்லை. வாக்குரிமை இல்லாதபடியால் இடம் தரும்படி அதிகாரிகளை நெருக்கவும் முடியவில்லை. வாக்கு வந்தால் மைதானமும் வரும் என்பது அவர் எண்ணம். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல் கிடைத்தது. இலங்கைப் பெண்களுக்கு 1931இலேயே கிடைத்துவிட்டது. மில்லியா ஏங்கிய அந்தத் திறப்பு எம் பாட்டிமார் கையில் ஏற்கெனவே இருந்தது. அதைக்கொண்டு எத்தனை மைதானங்களைத் திறந்தோம் என்ற கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும் எமது ஊரைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.

மில்லியா கடைசியாகக் கேட்டது துணிச்சலானது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முழு நிகழ்ச்சியும் தாருங்கள். இல்லாவிட்டால் முற்றாக விட்டுவிடுங்கள், நாங்களே நடத்துகிறோம் என்றார். இரண்டும் நடக்கவில்லை. 1936இல் பெண்கள் மெய்வல்லுநர் பிரிவு முழுவதையும் ஆண்களின் சர்வதேசச் சம்மேளனம் பொறுப்பேற்றது. மில்லியாவின் சம்மேளனம் கலைந்தது. நோயும் சேர அவர் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். 1957 மே மாதம் பாரிஸில் காலமானபோது அவரை நினைத்தவர்கள் மிகச் சிலர். நாந்த் நகரில் அவர் அடக்கமான கல்லறையில் நெடுங்காலம் அவர் பெயர்கூட இருக்கவில்லை.

பெயர் திரும்பி வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 2021 மார்ச் 8இல் பாரிஸிலுள்ள பிரெஞ்சு ஒலிம்பிக் குழுவின் தலைமையகத்தில், கூபெர்த்தானின் சிலை நிற்கும் மண்டபத்திலேயே, மில்லியாவின் சிலையும் நிறுத்தப்பட்டது. 2024 ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், அவர் துடுப்பு வலித்த அதே செய்ன் ஆற்றங்கரையில், பிரான்சின் பெண் முன்னோடிகள் பத்துப் பேரின் பொன்னிறச் சிலைகளில் ஒன்றாக அவரும் எழுந்து நின்றார். அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன.

எமது சங்கத்துக்கு

எமது நாட்டிலும் பிள்ளைகள் முன்னே போய்விட்டார்கள். 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் ஆடினார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலைகள் உதைபந்தாட்டத்தில் பட்டம் வென்றிருக்கிறார்கள். திறமை இருக்கிறதா என்ற கேள்வி முடிந்த கேள்வி. இனி வேண்டியது மில்லியா செய்த வகையான வேலை. அது பழைய மாணவிகள் சங்கம் ஒன்று செய்யக்கூடிய வேலையுமாகும்.

நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் ஒதுக்குவதுபோல மைதானத்துக்கும் ஒரு வரி ஒதுக்கவேண்டும். மட்டம் சரியான தரை, உடைமாற்றும் அறை, தண்ணீர், ஒழுங்கான மலசலகூடம் ஆகியவை இல்லாததால் பதின்மூன்று, பதினான்கு வயதில் விளையாட்டை விடும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வயதுப் பிள்ளைகளை நோயாளராகப் பார்க்கும் எனக்கு இது நன்றாகத் தெரியும். இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகள் ஆளுக்கொரு பொருளைப் பொறுப்பேற்றாலே போதும்.

இரண்டாவது, மாவட்ட, மாகாண, தேசிய விளையாட்டுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் எம் பழைய மாணவிகள் போட்டியிட வேண்டும். ஆடி ஓய்ந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட, ஆடாதவர்கள் அட்டவணை போடுகிறார்கள். பொருளாளராகத் தொடங்கினாலும் பரவாயில்லை. மில்லியாவும் அப்படித்தான் தொடங்கினார்.

மூன்றாவது, எழுதி வையுங்கள். டிக் கெர் அணியின் வெற்றிகளும் மில்லியாவின் சாதனைப் பட்டியலும் இன்று எமக்குத் தெரிவது யாரோ திகதியையும் எண்ணிக்கையையும் குறித்து வைத்தபடியால்தான். எமது கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியைகள், பொறுப்பாசிரியைகள், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஊழியர்கள் ஆகியோரின் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். போரும் இடப்பெயர்வும் எத்தனையோ பதிவேடுகளை விழுங்கிவிட்டன. எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு பெயரை, ஆண்டோடும் விளையாட்டோடும் சேர்த்து, சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் கிண்ணத்தோடு நிற்கும் அணியின் படத்துக்குக் கீழே அந்தப் பெயர்களும் அச்சாகட்டும்.